குறி பழக ஒரு பாயின்ட் டூ-டூ

2012 ஆகஸ்ட் 3. லண்டன் ஒலிம்பிக் சுடுதளத்தில் அன்று இரண்டு இந்தியர்கள் இறுதிச்சுற்றில் இருந்தார்கள். கொல்கத்தாவின் ஜாய்தீப் கர்மாகர், 50 மீட்டர் ரைஃபிளில் படுத்துச் சுடும் போட்டியில் வெறும் 1.9 புள்ளியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். ராணுவ வீரர் விஜய் குமார் 25 மீட்டர் அதிவேகப் பிஸ்டலில் வெள்ளி வென்றார். துப்பாக்கிகள் வேறு, தோட்டா ஒன்றுதான்: .22 லாங் ரைஃபிள். என்.சி.சி. முகாமில் தரையில் படுத்துச் சுட்டுப் பார்த்த நம்மூர்ப் பிள்ளைகள் ‘பாயின்ட் டூ-டூ’ என்று சொல்வதும் இந்த அளவைத்தான்.

ஐந்தரை மில்லிமீட்டருக்குச் சற்று கூடுதலான குறுக்களவு, இரண்டரை கிராமை ஒட்டிய ஈயக் குண்டு. 1887 முதல் புழக்கத்தில் இருக்கிறது. பெரிய தோட்டாக்களில் பற்றவைக்கும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் தனிக் குப்பிக்குள் இருக்கும். இதில் அப்படி இல்லை. கூட்டின் விளிம்பு உள்ளே பொள்ளலாக இருக்க, மருந்து அதற்குள் சுற்றிலும் பரவியிருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால் தீப்பற்றும். அதனால்தான் ‘ரிம்ஃபயர்’ என்று பெயர். செய்வது எளிது, விலை குறைவு, உதைப்போ மிகக் கொஞ்சம். ஒரு பிற்பகலில் 50 தோட்டாக்கள் கொண்ட பெட்டி முழுவதையும் சுட்டாலும் மணிக்கட்டு நோகாது. சுடப் பழகுகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கொல்கத்தாவுக்கு இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. சியால்தாவிலிருந்து வடக்கே போகும் புறநகர் ரயிலில் ஏறினால் ஹூக்ளி ஆற்றங்கரையில் இஷாப்பூர் வரும். 18-ஆம் நூற்றாண்டிலேயே வெடிமருந்து செய்த ஊர். 1904 முதல் ரைஃபிள் தொழிற்சாலை அங்கே இயங்குகிறது. 2021 அக்டோபரில் அரசு ஆயுதத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது, இஷாப்பூரும் நம் திருச்சித் தொழிற்சாலையும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. ‘நிடர்’ என்ற .22 ரிவால்வர் இஷாப்பூரின் தயாரிப்புதான். இந்தியில் ‘அஞ்சாதவர்’ என்று பொருள். எட்டுத் தோட்டாக்கள், எடை சுமார் 250 கிராம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பாதிக் கனம்தான்.

கைப்பையில் தூக்கிச் செல்ல அந்த எடை வசதிதான். குறி பழகத் தொடங்குகிறவருக்கு அதுவே இடைஞ்சல்.

விளிம்பை நன்றாக நசுக்கினால்தான் ரிம்ஃபயர் தோட்டா வெடிக்கும். ஆகவே சுத்தியலை இயக்கும் சுருள்வில் வலுவாக இருக்க வேண்டும், விசையும் கடினமாகிவிடும். சுத்தியலைப் பின்னுக்கு இழுக்காமல் விசையை மட்டும் அழுத்திச் சுடும் ‘டபுள் ஆக்‌ஷன்’ முறையில் நான்கைந்து கிலோ அழுத்தம் தேவைப்படுவது சாதாரணம். கால் கிலோ ஆயுதத்தின் மேல் அவ்வளவு அழுத்தம் கொடுத்தால் துப்பாக்கியே திரும்பிவிடுகிறது. பயிற்சிக்கென்றே பேர்போன ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 617 போன்ற .22 ரிவால்வர்கள் ஒரு கிலோவுக்கு மேல் கனப்பது காரணமில்லாமல் இல்லை.

அடுத்தது குழலின் நீளம். குழல் குட்டையாகி, குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே 5 செ.மீ. மட்டுமே இருந்தால், அவற்றைச் சேர்த்துப் பார்ப்பதில் நேரும் ஒரு மி.மீ. பிசகு 10 மீட்டர் தொலைவில் 20 செ.மீ. விலகலாகும். அந்த இடைவெளி 20 செ.மீ. என்றால் விலகல் 5 செ.மீ. தான். இதற்குத் துப்பாக்கி நிபுணர் வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குப் போதும். கனமான சட்டம், நீண்ட குழல், திருகித் திருத்தக்கூடிய பின்குறி: பழகுவதற்கான ரிவால்வரில் முதலில் பார்க்க வேண்டியவை இவைதான். எத்தனை தோட்டா பிடிக்கும் என்பதெல்லாம் பிறகு.

ஆனால் இந்தியாவில் கடைக்குப் போய்ப் பிடித்ததை எடுத்துவர முடியாது. 1980-களின் நடுவிலிருந்து தனியார் துப்பாக்கி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, தேர்ந்த வீரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற 21 வயது நிரம்ப வேண்டும், கொல்கத்தாவில் அதை வழங்குபவர் போலீஸ் கமிஷனர். 2016 விதிகள் பாதுகாப்புப் பயிற்சியையும் கேட்கின்றன. தோட்டத்திலோ மொட்டை மாடியிலோ நின்று பொழுதுபோக்காகச் சுடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அது சரியும்கூட. இந்தச் சின்னக் குண்டு ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் வரை பறக்கக்கூடியது. நெரிசலான நகரத்தில் அந்தத் தூரத்துக்குள் எத்தனை வீடுகள்!

ஆகவே வழி கிளப்புகள்தான். வடக்கு கல்கத்தா ரைஃபிள் கிளப், தெற்கு கல்கத்தா ரைஃபிள் கிளப் என்று நகரத்தில் பழைய பெயர்கள் உண்டு. சொந்தத் துப்பாக்கி பற்றி யோசிக்கும் முன் ஏர் பிஸ்டலில் கை பழகுவது நல்லது. 20 ஜூலுக்குக் குறைந்த .177 ஏர் பிஸ்டலுக்கு உரிமமும் தேவையில்லை. பதக்கக் கனவு உள்ளவர் ரிவால்வரை விட்டுவிட்டு .22 பிஸ்டலுக்கே போய்விடலாம், ஒலிம்பிக்கில் இருப்பது அதுதான்.

பிறகு ரிவால்வர் எதற்கு? அது தரும் ஒரு பயிற்சிக்காக. சுழலும் உருளையின் சில அறைகளில் நல்ல தோட்டா, சிலவற்றில் சுட்டு முடித்த காலிக் கூடு. பார்க்காமல் உருளையைச் சுற்றி மூட வேண்டும். அடுத்து வருவது எது என்று சுடுகிறவருக்கே தெரியாது. விசையை அழுத்துகிறார். ‘டக்’ என்ற வெறும் சத்தம். குழல்முனை மட்டும் பட்டென்று கீழே குத்துகிறது. வெடிக்கப் போகிறது என்று மனம் முன்கூட்டியே பயந்து கையை இழுத்துவிட்டது. நல்ல தோட்டா வெடித்திருந்தால் சத்தத்திலும் உதைப்பிலும் இந்தத் தவறு மறைந்துபோயிருக்கும். காலிக் கூட்டை வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. சில ரிம்ஃபயர் ரிவால்வர்களில் வெற்று அறையின் மேல் விசையை இழுத்தால் ஊசி அறையின் ஓரத்தில் மோதிப் பள்ளம் விழுந்துவிடும்.

நல்ல தோட்டாவே வெடிக்காமல் போவதும் ரிம்ஃபயரில் நடக்கும், மருந்து விளிம்பு முழுக்கச் சீராகப் பரவாததால். அது தாமதமாக வெடிக்கவும் கூடும். எனவே உடனே திறந்து பார்க்கக் கூடாது. குழலை இலக்கை நோக்கியே வைத்து அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். உருளையின் முன்பக்க இடுக்கில் சூடான வாயு பீறிடும் என்பதால் விரல்கள் அங்கே போகக் கூடாது. கண்ணாடியும் காதுமூடியும் கட்டாயம். சுட்டு முடித்ததும் அறைகளை பிரஷ் போட்டுத் துடைத்து, ஈயப்புகை படிந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் டீக்கடைப் பக்கம் போக வேண்டும்.