மிளகு இறங்குது, பணம் ஏறுது

காரவள்ளியில் இருந்து செம்மேட்டுக்கு 70 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலைக்குச் சுற்றுலா போய் வந்தவங்க எல்லாரும் இந்தக் கணக்கைச் சொல்லுவாங்க. மலையில் வெள்ளாமை பண்றவங்களுக்கு வேற ஒரு கணக்கு உண்டு. உள்நாட்டுச் சிற்றூர்களில் இருந்து செம்மேட்டு வங்கிக்குப் போய், வரிசையில் நின்னு, 2,000 ரூபாயை எடுத்துக்கிட்டு வீடு திரும்ப ஒரு பகல் முழுசா ஆகும். பஸ் கட்டணம் போக, அன்னைக்குக் கூலியும் போச்சு. "எடுக்கப் போன பணத்துல கால்வாசி எடுக்கப் போனதுக்கே சரியாப் போகுது தம்பி"ன்னு ஒரு அக்கா சொன்னாங்க. அவங்க சாமையும் மிளகும் போட்டிருக்கிற இயற்கை விவசாயி. நாங்க சமவெளியில் ஒரு நுகர்வோர் குழுவா சேர்ந்து அவங்ககிட்ட மிளகு வாங்குறோம். இந்தக் கட்டுரையே அந்தக் கொடுக்கல் வாங்கல்ல நாங்க பட்ட பாட்டில் இருந்து வந்ததுதான்.

முதல்ல ஒண்ணு சொல்லிடணும். மின்னணு வங்கிச் சேவை வசதியானதுங்கிறது நகரத்துப் பேச்சு. அங்கே அது நேரத்தை மிச்சம் பண்ணுது, அவ்வளவுதான். மலையில் அது யார்கிட்ட விளைச்சலை விக்கிறோம்ங்கிறதையே மாத்துது. அதனால்தான் இந்த இதழில் எழுதுறேன்.

கொல்லிமலையில் சாமை, திணை, கேழ்வரகு இருந்த காடுகளில் மரவள்ளி ஏறின கதை நம்ம வாசகர்களுக்குத் தெரியும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இருந்தே அங்கே சிறுதானியங்களை மீட்கிற வேலை செய்யுது. மரவள்ளி பரவினதுக்குக் காரணம் பல. இடிக்கிற சிரமம் ஒண்ணு, விலை ஒண்ணு. அதிகம் பேசப்படாத இன்னொண்ணு, முன்பணம். கிழங்கு வாங்குறவரு நடவு சமயத்திலேயே கையில் பணம் கொடுப்பாரு. கல்யாணம், காது குத்து, ஆஸ்பத்திரின்னு அவசரத்துக்கும் கொடுப்பாரு. வெட்டுற சமயத்துல கிழங்கு அவருக்குத்தான் போகணும். மாவுச்சத்து எத்தனை பாயிண்ட்னு சேகோ மில்லில் பார்த்துச் சொல்றதுதான் விலை, அதை எதிர்த்துக் கேக்க முடியாது. வியாபாரியைக் கெட்டவர்னு சொல்ல வரலை. மலைக்கு மேல ரொக்கத்தைக் கொண்டு வந்தவர் அவர் ஒருத்தர்தான். பணம் வர்ற வழி ஒண்ணே ஒண்ணுன்னா, விளைச்சல் போற வழியும் ஒண்ணாத்தான் இருக்கும்.

இப்ப அந்த அக்கா தை, மாசியில் மிளகைப் பறிச்சுக் காயவெச்சு, மூட்டையா செம்மேட்டுக்கு அனுப்புறாங்க. பார்சல் எங்க கைக்கு வந்து எடை பார்த்த அரை மணி நேரத்துல பணம் அவங்க கணக்குக்குப் போயிடுது. முன்னெல்லாம் "அடுத்த தடவை வரும்போது தர்றேன்"னுதான் எங்களாலயும் சொல்ல முடிஞ்சுது. அப்படிச் சொன்ன எங்களுக்கும் அந்த வியாபாரிக்கும் அவங்க பார்வையில் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

பணம் அனுப்புற வழிகளைச் சுருக்கமா சொல்றேன். 2016 ஏப்ரல்ல வந்த யூபிஐ, செல்போன்ல இருந்து செல்போனுக்கு உடனே போறது. பொதுவா ஒரு நாளைக்கு ஒரு லட்சம் வரை அனுப்பலாம். விவசாயிக்கும் வாங்குறவருக்கும் கட்டணம் கிடையாது. நெஃப்ட் முறையில் கணக்கு எண்ணும் வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீடும் போதும், வாங்குற விவசாயிகிட்ட ஸ்மார்ட்போனே இருக்க வேண்டாம். 2019 டிசம்பர் 16ல இருந்து நெஃப்ட் ராத்திரி, ஞாயிறு, பண்டிகை எதுவும் பார்க்காம ஓடுது, அரை மணிக்கு ஒரு தடவை பணம் போய்ச் சேரும். எங்க அனுபவத்தில் மலை விவசாயிகளுக்கு நெஃப்ட்தான் நல்லது. சிக்னல் இல்லாத ஊர்ல இருக்கிறவங்களை "யூபிஐ ஐடி சொல்லுங்க"ன்னு போட்டு வதைக்கக் கூடாது. பாஸ்புக் முதல் பக்கத்தை ஒரு தடவை போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டா போதும்.

இதுல எங்களுக்கு ஒரு அடி விழுந்துச்சு. ஒரு விவசாயிக்கு அனுப்பின தொகை போகாம திரும்பி வந்துடுச்சு. எண்ணைச் சரிபார்த்தோம், சரியாத்தான் இருந்துச்சு. கடைசியில் பார்த்தா, அது முழு ஆவணம் கொடுக்காம ஆரம்பிச்ச 'சிறு கணக்கு'. அந்த மாதிரிக் கணக்குல எந்த நேரத்திலும் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, வருஷத்துக்கு மொத்த வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. கூலியும் உதவித்தொகையும் மட்டும் வர்றப்ப இது தெரியாது. மிளகு வித்த பணம் வரும்போதுதான் முட்டும். ஆதார் உள்ளிட்ட ஆவணங்களைக் கொடுத்து முழுக் கணக்கா மாத்தினதும் சரியாச்சு. அறுவடைக்கு ஒரு மாசம் முன்னாடியே உங்க கணக்கு எந்த வகைன்னு கேட்டு வெச்சுக்கோங்க.

இன்னொரு பயம் மலையில் பரவலா இருக்கு: வங்கி வழியா பணம் வந்தா வருமான வரி போடுவாங்க, உதவித்தொகை நின்னுடும்னு. சொந்த நிலத்துல விளைஞ்சதை வித்து வர்ற விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரிச் சட்டத்துல விலக்கு இருக்கு. அடுத்தவங்க மிளகை வாங்கி விக்கிறது வியாபாரம், அந்தக் கணக்கு வேற. குழுவா சேர்ந்து விக்கிறவங்க இதை மனசுல வெச்சு, யாரோட மூட்டைக்கு எவ்வளவுன்னு தனித்தனியா நோட்டுல எழுதிடுங்க. முடிஞ்சா பணத்தையும் அவரவர் கணக்குக்கே நேரா அனுப்பச் சொல்லுங்க.

சரி, பணம் கணக்குக்கு வந்தாச்சு. கைக்கு எப்படி வரும்? இங்கேதான் ஊருக்குள்ளேயே இருக்கிற வங்கி முகவரோட கருவி உதவுது. ரிசர்வ் வங்கி 2006லேயே இந்த முகவர் முறைக்கு அனுமதி கொடுத்துடுச்சு. ஆதார் எண், எந்த வங்கி, கைரேகை, இந்த மூணும் இருந்தா பணம் எடுக்கலாம், ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை. அஞ்சல்காரர் மூலமாவும் 2018ல தொடங்கின அஞ்சலகப் பணவழங்கு வங்கி இதைச் செய்யுது. செம்மேடு போக வேண்டியதில்லை.

ஆனா அந்த அக்காவோட ரேகை விழலை. நாலு தடவை வெச்சாங்க, விழலை. மரவள்ளி பிடுங்கி, பாறையில் களை கொத்தி, மிளகுக் கொடியைப் பிடிச்சு ஏறின விரல்ல ரேகை எங்கே இருக்கும்? உழைக்கிற கை எதுவோ அதைத்தான் இந்தக் கருவிக்கு அடையாளம் தெரியலை. கையை வெதுவெதுப்பான தண்ணியில் கழுவித் துடைச்சு, வேற விரலை வெச்சுப் பாருங்க. பல பேருக்கு மோதிர விரல் தேஞ்சிருக்காது. அதுவும் ஆகலைன்னா ஆதார் மையத்துல ரேகையைப் புதுப்பிக்கணும்.

'ரேகை விழலை, இன்னொரு தடவை வைங்க'ன்னு சொல்ற இடத்துல கவனமா இருக்கணும். முதல் தடவையே விழுந்து பணம் கழிஞ்சிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் ரசீது கேளுங்க, தோத்துப்போன பரிவர்த்தனைக்கும் கேளுங்க. அதே கருவியில் இருப்பு எவ்வளவுன்னு பார்க்கலாம், கடைசி சில வரவு செலவும் பார்க்கலாம். பணம் எடுக்கும் முன்னாடி ஒரு தடவை, எடுத்த பிறகு ஒரு தடவை பாருங்க. உண்மையாவே கருவிக் கோளாறில் கணக்குல கழிஞ்சு கைக்கு வரலைன்னா, 5 நாளுக்குள்ள அது திரும்ப வரணும். தாமதமானா ஒரு நாளைக்கு 100 ரூபாய் வீதம் வங்கி இழப்பீடு தரணும்னு 2019 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கு. கேக்காமலே தரணும்ங்கிறதுதான் விதி. நடைமுறையில் கேட்டாத்தான் வரும்.

பட்டன் போன் வெச்சிருக்கிறவங்க *99# அடிச்சு இருப்பு பார்க்கலாம், பணமும் அனுப்பலாம். இணையம் வேண்டாம், பேசுற சிக்னல் போதும். வங்கியில் அந்த போன் எண் பதிவாகி இருக்கணும், முதல் தடவை ரகசிய எண் அமைக்க ஏடிஎம் அட்டை வேணும். மலையில் பாறைமேட்டுல ஏறி நின்னா ஒரு கோடு சிக்னல் வரும், அது இதுக்குப் போதுமானது.

இனி சொல்றதை நம்ம ஆட்கள் முக்கியமா கவனிக்கணும். வாட்ஸ்அப் குழுக்கள்ல "இயற்கை மிளகு இருக்கு, பலா இருக்கு, தொடர்புக்கு"ன்னு போன் நம்பரோட போடுறோம். அதைப் பார்த்துட்டு ஒருத்தன் பேசுவான். ராணுவ முகாமுக்கு, பெரிய ஹோட்டலுக்கு 100 கிலோ வேணும், விலை பேசவே வேண்டாம், முன்பணம் இப்பவே போடுறேன்னு சொல்லுவான். ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, "ஸ்கேன் பண்ணி ரகசிய எண்ணைப் போடுங்க, பணம் வந்துடும்"பான். போட்டா பணம் போயிடும். பணம் வாங்குறதுக்கு ரகசிய எண் எப்பவும் தேவையே இல்லை. ஸ்கேன் பண்றது கொடுக்கிறவர் வேலை. விலையே பேசாம 100 கிலோ வாங்குற மகராசன் இதுவரைக்கும் என் கண்ணுல பட்டதில்லை.

ஏமாந்துட்டா வெட்கப்பட்டு மறைக்காதீங்க. 1930க்கு உடனே போன் பண்ணுங்க, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுறதுக்குள்ள நிறுத்த வாய்ப்பு இருக்கு. வங்கிக்கும் சொல்லிப் புகார் எண் வாங்குங்க. உங்க தப்பும் வங்கித் தப்பும் இல்லாம மூணாவது ஆள் பணத்தை எடுத்திருந்தா, மூணு வேலை நாளுக்குள்ள சொன்னா முழுப் பொறுப்பும் வங்கியோடது. இது 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை. ரகசிய எண்ணை நாமே கொடுத்திருந்தா, புகார் சொல்ற வரைக்கும் ஆன நட்டம் நம்மளோடது, சொன்ன பிறகு நடக்கிறது வங்கியோடது. வங்கி 30 நாள்ல பதில் தரலைன்னா 14448ல குறைதீர்ப்பாளர் விவரம் கேக்கலாம்.

கடைசியா ஒரு சங்கடமான விஷயம். அந்த அக்காவோட கணக்குல பதிவான போன் எண் அவங்க மகனோடது. பணம் வந்த சேதி அவருக்குத்தான் போகும். ரகசிய எண் அவருக்குத்தான் தெரியும். ஏடிஎம் அட்டையும் அவர்கிட்ட. மகன் நல்லவர்தான், ஆனா அவர் திருப்பூர்ல வேலையில் இருக்காரு. மிளகு வித்த பணம் வந்துச்சான்னு அம்மா மகனுக்கு போன் பண்ணிக் கேக்கணும். மேலே சொன்ன *99#கூட இந்த நிலைமையில் அவங்களுக்கு உதவாது. களை எடுத்தது, பறிச்சது, காயவெச்சது, புடைச்சது எல்லாம் அவங்க.

போன மாசம் நாங்க மேலே போனப்ப அவங்களோட செம்மேட்டு வங்கிக்குப் போனோம். சொந்தமா ஒரு பட்டன் போன் வாங்கியிருந்தாங்க. எண்ணை மாத்தச் சொல்லி மனு எழுதிக் கொடுத்தோம். "ரெண்டு நாள் ஆகும்"னாங்க. மூணாம் நாள் ராசிபுரத்துல இருந்து 500 ரூபாய் முன்பணம் அனுப்பிப் பார்த்தோம். கொஞ்ச நேரத்துல அவங்ககிட்ட இருந்து போன் வந்துச்சு. "தம்பி, எனக்கே சத்தம் வந்துச்சு. இங்கிலீஷ்ல இருக்கு, ஆனா 500ங்கிற நம்பர் தெரியுது."