சைக்கிள் ஆசனமும் கால் சோர்வும்

சீர்காழியிலிருந்து மாலையில் பூம்புகாரை நோக்கிச் சைக்கிளில் வருவோர், எதிர்க் கடற்காற்றால் தொடை கடுக்கிறதென்பர். பழி முழுவதும் காற்றுக்குரியதன்று. ஆசனம் தாழ்ந்திருப்பதும் காரணமாகலாம்.

ஆசனம் தாழ்ந்திருந்தால் முழங்கால் அதிகம் மடங்கித் தொடைத் தசைகள் விரைவில் சோரும். முழங்காலின் முன்புறம் வலிக்கும். மிக உயர்ந்திருந்தால் பெடலை எட்ட இடுப்பு இருபுறமும் அசையும்; முழங்காலின் பின்புறம் வலிக்கும்.

சரியான உயரத்தை எளிதில் அறியலாம். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, ஆசனத்திலமர்ந்து, தாழ்ந்துள்ள பெடலில் குதிகாலை வையுங்கள். அப்போது கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். அதுவே பொருத்தமான நிலை. பெடல்கள் இரண்டும் தரைக்கு இணையாக நிற்கும்போது, முன்காலின் முழங்கால் சில்லுக்குக் கீழிருந்து விடும் தூக்குக்குண்டு பெடலின் அச்சுக்கு நேராக விழுமாறு ஆசனத்தை முன்பின் நகர்த்துக. ஆசனத்தின் மேற்பரப்பு சமமாயிருத்தல் நலம்.

மாற்றத்தை ஒரே நாளில் செய்யாது, கால் அங்குலமாக உயர்த்துக. ஆசனத் தண்டிலுள்ள எல்லைக் குறி வெளியே தெரியலாகாது, தண்டு ஒடியக்கூடும். புதிதாகப் பழகுவோர்க்குக் கால் தரையில் ஊன்றுமளவு தாழ்வே தக்கது.

2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர் பதினோராம் வகுப்பின் பிற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. ஆனால், எல்லோர் உயரமும் ஒன்றன்று. ஆகவே, வண்டி வழங்கும் நாளில் சைக்கிள் பழுது பார்ப்பவர் ஒருவரை ஸ்பானருடன் பள்ளிக்கு வரச்செய்து, ஒவ்வொருவர் காலுக்கும் ஆசனத்தைப் பொருத்தித் தர ஊராட்சி உறுப்பினர்கள் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். களைப்பின்றிப் பள்ளி சேரும் பிள்ளையே பாடத்தில் மனம் செலுத்தும்.