சொடுக்குகளும் வாசகரும்: சமூக ஊடக இணைப்புகளைத் தடமறிதல் பற்றிச் சில குறிப்புகள்

சமூக ஊடகங்களில் ஒரு கட்டுரையின் இணைப்புப் பகிரப்படுகின்றது. அதனைப் பலர் சொடுக்குகின்றனர். சொடுக்குகளின் தொகை பகிர்ந்தவரிடம் ஓர் எண்ணாக வந்து சேர்கின்றது. இவ்வெண்ணை மக்களின் ஆர்வத்திற்கும் ஆதரவிற்கும் நேரடிச் சான்றாகக் கொள்ளும் போக்கு இன்று பரவலாகக் காணப்படுகின்றது. அவ்வெண் எவ்வாறு உருவாகின்றது, எதனைக் காட்டுகின்றது, எதனை மறைக்கின்றது என்பனவற்றை மட்டக்களப்புப் பிரதேசச் சூழலில் வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டக்களப்பு வாவி எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரித்து நிற்பது. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அவ்விடத்தில் வாவியைக் கடப்போர் ஓடத்துறையையே நம்பியிருந்தனர். துறையில் நிற்பவர் எத்தனை பேர் கடந்தனர், எந்நேரம் கடந்தனர் எனக் கணக்கெடுக்கலாம். அக்கரையில் அவர்கள் என்ன அலுவல் முடித்தனர் என்பதை அவர் அறியார். சொந்தத் தோணியில் வேறிடத்தாற் கடந்தவர்கள் அவருடைய கணக்கில் வருவதில்லை. சொடுக்குக் கணக்கும் அடிப்படையில் இத்தகையதொரு துறைக் கணக்கேயாகும்.

வந்தாறுமூலையில் அமைந்துள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்து மாணவர் மன்றமொன்று, வாவி மாசடைதல் பற்றிய கட்டுரையொன்றைத் தனது இணையத்தளத்தில் வெளியிடுவதாகக் கொள்வோம். அதன் வாசகர் எவ்வழியாக வந்தனர் என்பதை அறிய மூன்று முறைகள் உள.

முதலாவது, முகவரியின் ஈற்றில் அடையாளச் சொற்களை ஒட்டுதல். முகநூலுக்கு ஒன்று, வட்ஸ்அப்புக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று என வெவ்வேறு அடையாளங்களோடு அதே முகவரி பகிரப்படும். வாசகரோடு அவ்வடையாளமும் உடன்வர, தளத்தின் கணிப்பு மென்பொருள் அதனைப் பதிவுசெய்யும். 'யூ.டி.எம்.' என வழங்கும் இம்முறை, கூகுள் 2005 இல் வாங்கிய 'அர்ச்சின்' நிறுவனத்தின் மென்பொருள்வழி வந்ததாகும்.

இரண்டாவது, குறுமுகவரி. 2008 இல் தோன்றிய 'பிட்லி' போன்ற சேவைகள் நீண்ட முகவரிக்குப் பதிலாகச் சுருங்கியதொன்றைத் தருகின்றன. சொடுக்குபவர் முதலில் அந்நிறுவனத்தின் வழங்கிக்குச் சென்று, அங்கிருந்து கண்ணிமைப் பொழுதில் உரிய பக்கத்திற்குத் திருப்பப்படுகின்றார். அதற்கிடையில் நேரம், இணைய முகவரி எண், கருவியின் வகை, முன்னிருந்த தளம் ஆகிய விபரங்கள் அங்கே பதிவாகிவிடுகின்றன.

மூன்றாவது, ஊடக நிறுவனமே இடும் அடையாளம். முகநூல் 2018 முதல் வெளிச்செல்லும் இணைப்புகளின் ஈற்றில் தானாகவே ஓர் அடையாளத் தொடரை ஒட்டத் தொடங்கியது. இது பகிர்ந்தவர் கேட்டுப் பெற்றதன்று, வாசகர் இசைவளித்ததுமன்று.

இம்முறைகளின் குறைபாடுகளும் மனங்கொள்ளத்தக்கன. இணைப்பொன்று ஒட்டப்பட்டதும் அதன் முன்தோற்றத்தைக் காட்டுவதற்காக முகநூலின் தானியங்கி நிரலே பக்கத்தைத் திறந்து பார்க்கின்றது. அதனை வடிகட்டாத கணக்கில் இயந்திரமும் வாசகராகிவிடும். மாறாக, வட்ஸ்அப் குழுவொன்றில் அடையாளமின்றிப் பகிரப்பட்ட இணைப்புவழி வருபவர், பெரும்பாலும் 'நேரடியாக வந்தவர்' என்றே பதியப்படுவார். இவ்வாறு தடம் விடாத பகிர்வினை அமெரிக்கப் பத்திரிகையாளர் அலெக்சிஸ் மட்ரிகல் 2012 இல் 'இருண்ட சமூகப் பகிர்வு' எனும் பொருள்படப் பெயரிட்டார். ஒரே கைபேசியில் குடும்பத்தினர் பலர் வாசிப்பதும், கட்டுரையைத் திரைப்படமாகப் பிடித்து அனுப்புவதும், ஒருவர் வாசிக்க ஏனையோர் கேட்பதும் எக்கணக்கிலும் அடங்கா.

இக்குறைபாடு வெறும் தொழில்நுட்பப் பிரச்சினையன்று. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில், உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்படுவதாக எழுந்த பொய் வதந்தி முஸ்லிம்களின் உணவகத்தின் மீதும் பள்ளிவாசல் மீதும் தாக்குதலுக்கு இட்டுச்சென்றது. அது தொடர்பான காணொளி சமூக ஊடகங்களிற் பரவியது. கைக்குக் கை கடத்தப்படும் காணொளிக் கோப்பில் இணைப்பு இல்லை. ஆதலின் சொடுக்கும் இல்லை. மிகுந்த தீங்கு விளைத்தவை சொடுக்குக் கணக்கில் சுழியமாகவே நிற்கக்கூடும்.

2019 ஏப்ரல் 21 இல் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்களில் குண்டுத்தாக்குதல்கள் நிகழ்ந்ததைத் தொடர்ந்து, அரசு முகநூல், வட்ஸ்அப் முதலியவற்றைத் தற்காலிகமாகத் தடைசெய்தது. 'வீ.பீ.என்.' எனும் மாற்றுவழியினூடாகத் தடையைக் கடப்பவரின் இணைய முகவரி எண் பிறநாட்டினதாகவே தோன்றும். காத்தான்குடியிலோ கல்லடியிலோ இருந்து செய்தி தேடியவர் ஐரோப்பிய வாசகராகக் கணக்கிடப்படுவார். மக்கள் தகவலை மிக அவாவி நின்ற நாட்களிலேயே அவர்களது இருப்பிடம் பதிவேட்டிலிருந்து மறைகின்றது.

மறுபுறத்தில், பதிவாகும் தடங்கள் யாருடைய உடைமை என்னும் வினா எழுகின்றது. மாணவர் மன்றத்திற்குக் கிடைப்பது தொகை மட்டுமே. தனித்தனி விபரங்கள் கடல்கடந்த நிறுவனங்களிடம் தங்கி, விளம்பரச் சந்தையின் மூலப்பொருளாகின்றன. வாசிப்பு எனும் உழைப்பு எமது மக்களுடையது. அதன் பதிவேடு பிறருடையது. போர்க்காலத்திற் கண்காணிப்பை அனுபவித்த பிரதேசமொன்றில், யார் எதனை வாசித்தார் என்பது சாதாரண விபரமன்று. இலங்கையின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் நிறைவேற்றப்பட்டபோதிலும், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன.

ஆகவே, சொடுக்குக் கணக்கை முற்றாக ஒதுக்குதல் வேண்டுமென்பதன்று எமது வாதம். எவ்வழி பயன்தருகின்றது என அறிய அது உதவும். ஆயின், அடையாளம் பகிர்ந்த வழிக்கு இடப்படவேண்டுமேயன்றி ஆளுக்கு இடப்படலாகாது. இயலுமாயின் கணிப்பு மென்பொருளைத் தமது வழங்கியிலேயே நிறுவி, இணைய முகவரி எண்களைச் சேமியாது விடுதல் நன்று. எண்ணை வெளியிடும்போது அது பெறப்பட்ட முறையையும் உடன் கூறல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, படுவான்கரைக் கிராமமொன்றில் எமது கட்டுரை வாசிக்கப்பட்டதா, விளங்கியதா, பயன்பட்டதா என்பதை அம்மக்களிடமே சென்று கேட்டறிதல் வேண்டும். அப்பணியை எந்த மென்பொருளிடமும் ஒப்படைத்தல் ஆய்வாளருக்குத் தகாது.