முலுண்டில் ஆராயப்பட்ட வேர்
இளைஞரின் விஞ்ஞான நம்பிக்கைகளுக்கு ஓர் எடுத்துக்காட்டு

வருங்காலத்தில் விஞ்ஞானம் எவற்றைக் கண்டுபிடித்துத் தரவேண்டும் என்று வகுப்பில் வினவினால், மாணாக்கர் விடை கூறத் தயங்குவதில்லை. புற்றுநோயை அறவே போக்கும் மருந்து, கடல்நீரைச் சிறு செலவில் குடிநீராக்கும் கருவி, குப்பையை எருவாகவும் எரிபொருளாகவும் மாற்றும் எளிய முறை, பிற கோள்களில் குடியேறும் வழி என்று அவர்களுடைய விருப்பங்கள் விரிந்துகொண்டே போகும். இவ்விருப்பங்கள் யாவும் நல்லவையே. எனினும், அவற்றின் பின்னே இரண்டு தவறான எண்ணங்கள் மறைந்து நிற்பதுண்டு. கண்டுபிடிப்பு என்பது தொலைவிலுள்ள நாடுகளில் மட்டுமே நிகழ்வது என்பது ஒன்று. அது ஒரு மேதையின் மனத்தில் ஒரே நாளில் மின்னலெனத் தோன்றி, எண்ணிய பயனை உடனே அளித்துவிடும் என்பது மற்றொன்று. இவ்விரு எண்ணங்களும் தவறு என்பதற்குப் பம்பாய் மாநகரின் புறநகரான முலுண்டில் நடைபெற்ற ஓர் ஆராய்ச்சி நல்ல சான்றாக விளங்குகிறது.

கண்டுபிடிப்பு நிகழ்ந்த இடம்

இன்று மும்பை எனப்படும் மாநகரின் வடகிழக்கு எல்லையில் முலுண்ட் அமைந்துள்ளது. அதற்கு அப்பால் தாணே நகரம் தொடங்குகிறது. மேற்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் காடடர்ந்த குன்றுகளும், கிழக்கே உப்பளங்களும் கழிமுகச் சதுப்புக்காடுகளும் உள்ளன. 1853-ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து தாணேக்கு ஓடிய முதல் பயணிகள் ரயில் இவ்வூரின் வழியாகவே சென்றது. தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளைப் போலவே இங்கும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன.

ஜெர்மன் நாட்டு மருந்து நிறுவனமான ஹோக்ஸ்ட், 1970-களில் முலுண்டில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நடத்தி வந்தது. மருந்து ஆராய்ச்சியில் அந்நாளைய பம்பாய் பெயர் பெறத் தொடங்கியிருந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிய ரசாயன அறிஞர் டி. ஆர். கோவிந்தாச்சாரி, 1963-ஆம் ஆண்டில் கோரேகானிலிருந்த சிபா ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராகச் சென்றதும் இங்கு நினைக்கத்தக்கது. முலுண்ட் நிலையத்தில் நோயல் டிசூசா முதலிய ஆராய்ச்சியாளர்கள், நாட்டு வைத்தியத்தில் பயிலும் மூலிகைகளையும் அவற்றுக்கு இனமான செடிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் சாறு இதயத்தின் மீதும் இரத்த அழுத்தத்தின் மீதும் எவ்வகை விளைவை உண்டாக்குகிறது என்று சோதித்து வந்தனர். அவ்வரிசையில் ஒரு செடியின் வேர்ச்சாறு இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தியது. அது இதயத் தசையின் சுருங்கும் ஆற்றலையும் மிகுவித்தது. அச்செடியே கோலியஸ் போர்ஸ்கோலி. தமிழ்நாட்டு உழவர்கள் இன்று மருந்துக் கூர்க்கன் என வழங்குவது இதனையே. தாவரவியலார் இப்போது இதற்குக் கோலியஸ் பார்பேட்டஸ் என்ற பெயரைக் கொள்கின்றனர்.

ஊறுகாயாகவும் பயன்பட்ட வேர்

இச்செடி தமிழ் மக்களுக்கு முற்றிலும் அயலானதன்று. சளிக்கும் இருமலுக்கும் வீடுகளில் வளர்க்கப்படும் கற்பூரவல்லியும், திருநெல்வேலிப் பகுதியில் பொங்கற் காலத்தில் சமைக்கப்படும் சிறுகிழங்கும் இதே கோலியஸ் இனத்தைச் சேர்ந்தவை. மருந்துக் கூர்க்கனின் சதைப்பற்றுள்ள வேரைக் குஜராத்தி மக்கள் ‘கர்மார்’ என்ற பெயரில் ஊறுகாயாக இட்டு உண்பர். குஜராத்திக் குடும்பங்கள் மிகுதியாக வாழும் ஊர் முலுண்ட் என்பது கருதத்தக்கது. உணவு மேசையில் இடம் பெற்ற வேரொன்றே ஆராய்ச்சி மேசைக்கும் வந்தது.

செடியின் பெயரிலும் ஓர் இளைஞரின் வரலாறு அடங்கியுள்ளது. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லின்னேயசின் மாணவரான பேதுரு போர்ஸ்கால், டென்மார்க் அரசர் அனுப்பிய ஆராய்ச்சிக் குழுவினருடன் அரேபியாவுக்குச் சென்றார். அங்கே செடிகளைத் தொகுத்து வந்த காலத்தில், 1763-ஆம் ஆண்டு ஏமன் நாட்டில் காய்ச்சலுக்கு இரையானார். அப்போது அவருக்கு வயது 31. அவர் பெயரைத் தாங்கிய செடியிலிருந்து பிரிக்கப்பட்ட பொருளுக்குப் போர்ஸ்கோலின் என்ற பெயர் அமைந்தது. அவர் மறைந்து இரு நூற்றாண்டுகள் கடந்த பின்னர் அப்பெயர் மருந்துநூல்களில் இடம்பெற்றது.

ஆராய்ச்சி நடந்த முறை

வேர்ச்சாறு பயன் தருகிறது என்று அறிவது தொடக்கமே ஆகும். சாற்றில் கலந்துள்ள பல பொருள்களுள் எது அப்பயனைத் தருகிறது என்று காணல் வேண்டும். அதன்பொருட்டுச் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் மீண்டும் சோதித்து, பயனற்றதை விலக்கி, பயனுள்ளதை மேலும் பிரிக்கின்றனர். காய்ந்த வேரில் போர்ஸ்கோலின் இருப்பது நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவாகும். ஆகவே, சிறிதளவு தூய பொருளைப் பெறவும் மிகுதியான வேர் தேவைப்பட்டது. அதன் மூலக்கூறில் 22 கார்பன் அணுக்களும், 34 ஹைட்ரஜன் அணுக்களும், 7 ஆக்ஸிஜன் அணுக்களும் அமைந்துள்ளன. இவ்வமைப்பை முலுண்ட் குழுவினர் 1977-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

அதே காலத்தில் லட்சுமணபுரியிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தாரும் தனியே இச்செடியை ஆராய்ந்து, ‘கோலியோனால்’ என்ற பொருளைப் பிரித்திருந்தனர். முதலில் இரண்டும் அமைப்பில் சிறிது வேறுபட்டவை என்று கருதப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வுகளால் இரண்டும் ஒன்றே என்பது உறுதியாயிற்று. ஒருவர் முடிவை மற்றொருவர் சோதித்துத் திருத்துவதே விஞ்ஞானத்தின் இயல்பு என்பதற்கு இது தக்க உதாரணம்.

முலுண்ட் குழுவினர் இத்துடன் நின்றுவிடவில்லை. உறவுடைய பல செடிகளிலும் இப்பொருள் உண்டா என்று தேடினர். 1980-இல் வெளியான அவர்களுடைய கட்டுரை, ஆராய்ந்த செடிகளுள் இவ்வொன்றில் மட்டுமே அது கிடைத்தது என்று தெரிவித்தது. மற்றச் செடிகளில் அது இல்லை என்பதும் ஓர் அறிவே அன்றோ? இல்லை என்று கண்டதைப் பதிவு செய்திராவிடில், பின்வந்தோர் அதே உழைப்பை மீண்டும் வீணாக்கியிருப்பர்.

உயிரணுவின் வாயில்

போர்ஸ்கோலின் எவ்வாறு செயல்படுகிறது என்பது 1981-ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. இதனை விளங்கிக்கொள்ள உயிரணுவின் ஒழுங்கைச் சிறிது அறிதல் நலம். அட்ரீனலின் போன்ற ஹார்மோன்கள் உயிரணுவுக்குள் பொதுவாக நுழைவதில்லை. அவை அணுவின் மேற்புறச் சவ்விலுள்ள ஏற்பியைத் தொட்டுச் செய்தியைக் கூறும். அச்செய்தி ஓர் இடையாள் வழியாக அடினைலேட் சைக்ளேஸ் என்ற நொதியைச் சென்றடையும். அந்நொதி சுழல் ஏ.எம்.பி. என்ற பொருளை உண்டாக்கும். அப்பொருளே அணுவின் உள்ளே வேலைகளைத் தொடங்கி வைக்கிறது. இந்த இரண்டாம் தூதனைக் கண்டறிந்த ஏர்ல் சதர்லாந்து 1971-இல் நோபல் பரிசு பெற்றார். இடையாளாகிய ஜி-புரதங்களைக் கண்டறிந்தமைக்காக ஆல்பிரட் கில்மன், மார்ட்டின் ராட்பெல் ஆகிய இருவரும் 1994-இல் அப்பரிசைப் பெற்றனர்.

வாயிற்காவலனிடம் அனுமதி கேளாமல் நேரே அரண்மனைக்குள் சென்று அரசனைக் காண்பவனைப் போல, போர்ஸ்கோலின் ஏற்பியின் துணையின்றி அந்நொதியையே நேராகத் தூண்டுகிறது. அமெரிக்க நாட்டுத் தேசிய சுகாதார நிலையங்களில் சீமன், பாட்ஜெட், டேலி ஆகியோர் இதனைக் கண்டனர். ஏற்பியை ஒதுக்கிவிட்டு அணுவின் உட்செயலைத் தனியே ஆராய இது ஓர் அரிய கருவியாயிற்று.

எதிர்பார்த்ததும் கிடைத்ததும்

இதய நோயாளருக்கு எளிதில் விழுங்கத்தக்க ஒரு மருந்தே தொடக்கத்தில் எதிர்பார்க்கப்பட்டது. அது அவ்வாறே கைகூடவில்லை. போர்ஸ்கோலின் நீரில் எளிதில் கரைவதில்லை. வாய்வழி உட்கொண்டால் உடலில் நன்கு சேர்வதுமில்லை. நீரில் கரையும் வகையில் மாற்றியமைக்கப்பட்ட ஒரு பொருள் மட்டும், கடுமையான இதயத் தளர்ச்சிக்கு நரம்புவழி செலுத்தும் மருந்தாக 1999-ஆம் ஆண்டில் ஜப்பானில் பயனுக்கு வந்தது. கண்ணின் உள்ளழுத்தத்தைப் போர்ஸ்கோலின் குறைப்பதும் 1983-இல் அறியப்பட்டது.

எதிர்பாராத பயன் வேறு திசையிலிருந்து வந்தது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது குழந்தைகளின் நுரையீரலையும் செரிமான உறுப்புகளையும் தாக்கும் ஒரு பரம்பரை நோய். அணுச்சவ்வில் உப்பும் நீரும் செல்லும் ஒரு வழி இந்நோயில் பழுதடைகிறது. நோயாளியின் குடலிலிருந்து மிகச் சிறிய துணுக்கொன்றை எடுத்து, ஆய்வகத்தில் நுண்ணிய குடற்பைகளாக வளர்க்கலாம். அவற்றில் போர்ஸ்கோலினை இட்டால், நலமுள்ளோரின் பைகள் நீரேற்று வீங்கும். நோயாளியின் பைகள் வீங்குவதில்லை. ஒரு மருந்தைச் சேர்த்தபின் அவை வீங்குமாயின், அம்மருந்து அக்குழந்தைக்குப் பயன்படக்கூடும் என்று முன்னதாகவே அறியலாம். 2013-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இம்முறையை வெளியிட்டனர். முலுண்டில் வேரைப் பிரித்தோர் எவரும் இப்பயனை எண்ணியிருக்க முடியாது. குடற்பைகளை வளர்க்கும் கலையே அன்று தோன்றியிருக்கவில்லை.

வயலுக்கு வந்த பயிர்

ஆய்வகங்களின் தேவை பெருகவே, காட்டிலிருந்து இச்செடி மிகுதியாகத் தோண்டி எடுக்கப்பட்டது. வேரை எடுத்தால் செடி அழியும். ஆகவே, அதனைப் பயிரிடல் இன்றியமையாததாயிற்று. தமிழ்நாட்டில் சேலம் மாவட்டத்து ஆத்தூர் முதலிய பகுதிகளில் மருந்துக் கூர்க்கன் பயிராகிறது. நுனித் தண்டுகளை வேரூன்றச் செய்து நடுவர். சுமார் ஐந்து, ஆறு மாதங்களில் வேரை அகழ்ந்தெடுப்பர். வேரழுகல் நோயும் வேர்முடிச்சு நூற்புழுவும் இப்பயிரின் பெரும்பகைகள். நீர் தேங்காத நிலமும் நோயற்ற தண்டுத்துண்டும் முதல் தேவை. விளைச்சலை வாங்குவோர் சிலரே ஆதலின், வாங்குவோரையும் விலையையும் எழுத்து மூலம் உறுதி செய்துகொண்ட பின்னரே உழவர் இப்பயிரில் இறங்குதல் நன்று.

ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. உடற்பருமனைக் குறைக்கும் என்ற விளம்பரத்துடன் இவ்வேரின் சாறு மாத்திரைகளாக விற்கப்படுகிறது. இதுவரை நடந்த சிறு ஆய்வுகள், உடல் எடையில் குறிப்பிடத்தக்க குறைவைக் காட்டவில்லை. இப்பொருள் இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும் தன்மையுடையது. ஆகவே இரத்த அழுத்தத்திற்கும் இரத்த உறைவுக்கும் மருந்து உண்போர், மருத்துவரைக் கேளாமல் அதனை உட்கொள்வது அபாயகரமானது. விஞ்ஞானத்தின் மேல் நம்பிக்கை கொள்வது வேறு, விஞ்ஞானத்தின் பெயரால் விற்கப்படுவதை எல்லாம் நம்புவது வேறு என்பதை மாணாக்கர் இளமையிலேயே உணர்தல் வேண்டும்.

ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யத்தக்கவை

இவ்வரலாற்றைக் கதையாகக் கூறுவதோடு நில்லாமல் செயலாகவும் மாற்றலாம். கற்பூரவல்லி, துளசி, சிறுகிழங்கு ஆகியவற்றின் கிளைகளை வகுப்புக்குக் கொணரச் செய்து, சதுரத் தண்டு, எதிரெதிராக அமைந்த இலைகள், ஈருதடுப் பூ ஆகிய குடும்ப அடையாளங்களை மாணாக்கரே காணுமாறு செய்யலாம். ஒவ்வொரு சோதனையிலும் எதிர்பார்த்தது, செய்தது, கண்டது என மூன்று பத்திகளாகக் குறிப்பேடு எழுதப் பழக்கலாம். எதிர்பார்த்தது நிகழவில்லையாயின், அதனை அழித்து எழுதாமல் அவ்வாறே பதிவு செய்யும் மாணவரைப் பாராட்டுதல் வேண்டும்.

1993-ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் நடந்து வந்துள்ள குழந்தைகள் அறிவியல் மாநாடு, 10 வயது முதல் 17 வயது வரையுள்ளோர் தம் ஊர்ப் பிரச்சினையொன்றைக் குழுவாக ஆராய வழிசெய்வது. மும்பையில் செம்பூருக்கு அடுத்த மான்குர்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹோமி பாபா விஞ்ஞானக் கல்வி மையம் உள்ளது. 1974-இல் தொடங்கப்பெற்ற அம்மையம், பள்ளி விஞ்ஞானக் கல்விக்கெனவே உழைத்து வருகிறது. தாராவியிலும் பிற இடங்களிலும் தமிழ் வழியே பயிலும் சிறுவருக்கு இத்தகைய வாய்ப்புகளைத் தெரிவித்து, தமிழிலேயே எண்ணி எழுத ஊக்குவிப்பது ஆசிரியரின் கடமையாகும்.

களப்பணியாளருக்கும் இதில் பங்குண்டு. எந்தச் செடியை எந்நோய்க்கு, எப்பகுதியை, எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்று கிராமத்து முதியோர் கூறுவன, 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே அமையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் இடம்பெறத்தக்கவை. அவர்களுடைய இசைவு பெற்று இதனைத் தொகுப்பதில் உள்ளூர்ப் பள்ளி மாணாக்கரைத் துணைசேர்த்துக்கொள்ளலாம். கூறியவர் சொல்லையும், செடியின் மாதிரியையும், கிடைத்த இடத்தையும் நாளையும் பிழையின்றிக் குறிக்கப் பழகும் சிறுவன் ஆராய்ச்சியின் முதற்படியில் கால் வைத்தவனாவான்.

புற்றுநோய்க்கு மருந்து வேண்டும் என்று விரும்பும் மாணவியிடம், அது அரிய செயல் என்று கூறி அவளுடைய ஆவலைத் தணிக்க வேண்டுவதில்லை. அவள் வீட்டுத் தோட்டத்திலுள்ள ஒரு செடியின் பெயரையும் குடும்பத்தையும் இவ்வாரம் கண்டறிந்து வருமாறு பணிக்கலாம். அடுத்த வாரம் அதனைப்பற்றி வேறொரு வினாவை எழுப்பலாம். முலுண்டில் போர்ஸ்கோலினைக் கண்டவர்களும் ஒரு செடி, ஒரு வினா என்ற முறையிலேயே தம் பணியை நடத்தினர்.