மஞ்சளும் கிருமியும்

அடுக்களையில் விரல் அறுபட்டால் மஞ்சட்பொடியை அப்புவது நம்மவர் வழக்கம். இதில் உண்மை எவ்வளவு என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின் என்னும் பொருள். வோகெல், பெல்லெத்தியே என்னும் இருவர் 1815-ஆம் ஆண்டில் இதனைப் பிரித்தெடுத்தனர். இது சில பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கும் என 1949-இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது.

இத்தகைய சோதனையை நம் மாணாக்கரும் செய்தல் கூடும். அகர் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, மஞ்சட்சாறு ஏற்றிய சிறு தாள்வட்டு ஒன்றை அதன்மேல் இட்டு, ஓரிரவு வெதுவெதுப்பில் வைப்பர். மறுநாள் வட்டைச் சுற்றித் தெளிந்த வளையம் தோன்றின், கிருமி ஆங்கு வளரவில்லை என்பது பொருள். அவ்வளையத்தைக் கண்டதும் மருந்தொன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக முகம் மலர்வது இயல்பே. ஆனால் குர்குமின் நீரில் எளிதிற் கரையாதாகலின், அதனைச் சாராயத்திற் கரைத்து ஏற்றுவர். சாராயமே கிருமியைக் கொல்லுமன்றோ? எனவே வெறுஞ் சாராயம் ஏற்றி அவ்வாறே உலர்த்திய வட்டொன்றையும் அத்தட்டில் வைத்து ஒப்பிடாத சோதனை சோதனையாகாது. நீரிற் கரையாப் பொருள் ஈரமான அகரில் நன்கு பரவாது என்பதையும் நினைத்தல் வேண்டும். வளையம் சிறுத்தது கொண்டு பொருள் வலியற்றது எனத் தீர்ப்பதும் பிழையே.

ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆற்றலை அளக்க, டி.பி.பி.எச். என்னும் பொருளின் ஊதாநிறம் குன்றுவதை நோக்குவர். மஞ்சட்சாறு தானே நிறமுடையது. அந்நிறத்தையும் கழித்தே கணக்கிடல் வேண்டும்.

இனி, உண்ட மஞ்சளின் நிலை வேறு. குர்குமினைக் குடலும் ஈரலும் விரைவில் மாற்றிவிடுதலால், குருதியிற் சேர்வது மிகச் சிறிதே. மிளகிலுள்ள பைப்பரின் அம்மாற்றத்தைத் தடுத்துக் குருதியில் அதன் அளவை உயர்த்தும் எனப் பெங்களூர் ஆய்வாளர் 1998-இல் வெளியிட்டனர். மஞ்சட்பாலில் மிளகிட்ட நம் பாட்டிமார் இதனை அறிந்தே செய்தனர் எனக் கூற யாம் துணியோம். எனினும் பொருத்தம் வியப்பூட்டுகின்றது. ஆனால் அதே பைப்பரின், காக்கைவலிப்புக்குத் தரும் பெனிட்டாயின் போன்ற மருந்துகளின் அளவையும் குருதியில் உயர்த்தவல்லது. அத்தகைய மருந்து உண்போர் மஞ்சளும் மிளகும் செறிந்த மாத்திரைகளை மருத்துவரைக் கேளாது உட்கொள்ளலாகாது.

அறுபட்ட விரலுக்கு மீள்வோம். தட்டில் இட்டது தூய சாறு. அடுக்களைப் பொடியிலோ கிருமிகளின் வித்துகளும் இருத்தல் கூடும். சிறு கீறலாயின் சோப்பும் தூய நீரும் கொண்டு கழுவுதலே முதற்பணி. ஆணி தைத்த ஆழ்ந்த புண்ணாயின், எத்துணை மஞ்சள் அப்பினும் ரணஜன்னியைத் தடுக்காது. அதற்குரிய ஊசியை அன்றே போட்டுக்கொள்ளல் வேண்டுமா என மருத்துவரிடம் கேட்டறிக.