இனிப்புநீர் உள்ள வீட்டில் இரண்டு சமையல் வேண்டாம்



"டாக்டர் சோற்றை நிறுத்தச் சொல்லிவிட்டார். இனி நான் என்னத்தைச் சாப்பிடுவது?" ஜொகூர் பாருவானாலும் குளுவாங், சிகாமட் ஆனாலும், இனிப்புநீர் என்று தெரிந்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி இதுதான். பெரும்பாலும் டாக்டர் குறைக்கத்தான் சொல்லியிருப்பார். நாம்தான் அதை 'நிறுத்து' என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு வாரம் ஓட்ஸ் கஞ்சி குடிப்போம். எட்டாம் நாள் பழையபடி தட்டு நிறைய சோறு!

இது விளையாட்டல்ல. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர்! டயாலிசிஸ் நிலையங்களுக்குப் புதிதாக வருவோரின் சிறுநீரகம் கெட்டதற்கு முதல் காரணமும் இந்த நோய்தான்.

சரி, சமையலில் என்ன செய்யலாம்? அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறையை நினைவில் வையுங்கள். தட்டில் பாதி காய்கறியும் பழமும். கால் பகுதி மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு. மீதிக் கால் பகுதி மட்டுமே சோறு. நம் வீட்டில் இது தலைகீழாக இருக்கிறது. சோறு மலைபோல் இருக்கும், கீரை ஓரத்தில் ஊறுகாய் அளவு இருக்கும்.

நூறு கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து உண்டு. அது முழுவதும் வயிற்றில் சீனியாக மாறி இரத்தத்தில் கலக்கும். முதலில் கீரை, காய், மீனைச் சாப்பிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வந்தால் சீனி ஏறும் வேகம் குறைகிறது. செலவில்லாத பழக்கம் இது.

"நான் சோறே தொடுவதில்லை, சப்பாத்திதான்" என்பவர்கள் எத்தனை சப்பாத்தி என்று எண்ணிப் பாருங்கள். நான்கு சப்பாத்தி சாப்பிட்டால் சோற்றைக் குறைத்ததற்குப் பலனில்லை. கேழ்வரகைக் கூழாய்க் கரைத்துக் குடித்தால் சீனி விரைவாக ஏறும். முருங்கைக்கீரை போட்டு அடையாகச் சுட்டால் நல்லது. தேன், பனஞ்சீனி, கூலா மலாக்கா எல்லாம் சீனியின் உறவினர்களே. பாகற்காய் நல்ல காய்தான். ஆனால் அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

பசியாறும்போது குடிக்கும் தே தாரிக்கில் இரண்டு மேசைக்கரண்டி சூசு விழுந்தால், ஏறக்குறைய ஐந்து தேக்கரண்டி சீனி உள்ளே போகிறது. படிப்படியாகக் குறைத்து 'தே ஓ கோசோங்' பழகுங்கள்.

ஜொகூர்வாசிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. விடியற்காலை நான்கு மணிக்கே பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்கள், வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இரவு வந்து மீ கோரெங்கை ஒரு பிடி பிடிக்கிறார்கள். இன்சுலின் போடுவோரும் சிலவகை மாத்திரை சாப்பிடுவோரும் வேளை தவறினால் சீனி இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும். அப்போது மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்துச் சோதிக்க வேண்டும். இரண்டு அவித்த முட்டை, கொண்டைக்கடலைச் சுண்டல் என்று டப்பாவில் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் பருப்பு, கீரை அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாய்மார்களே, நோயாளிக்குத் தனியாக, மற்றவர்களுக்குத் தனியாக என்று சமைக்காதீர்கள். அப்பா உப்புச் சப்பில்லாத கஞ்சியைக் குடிக்க, பிள்ளைகள் எதிரில் பிரியாணி சாப்பிட்டால் அவர் எத்தனை நாள் தாங்குவார்? தேங்காய்ப்பாலைக் குறைத்த மீன் கறி, இரண்டு வகைக் காய், அளவான சோறு. இது எல்லாருக்கும் பொருந்தும். அந்தப் பிள்ளைகளின் இரத்தத்திலும் இந்த நோய்க்கான வாய்ப்பு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

இன்றைக்குச் சாப்பிட உட்காரும்போது, உங்கள் தட்டில் கீரை எந்த ஓரத்தில் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.