கரியமில வாயு மூலப்பொருளாகுமா?

மும்பை நகரில் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளும் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவிலேயே அமைந்துள்ளன. தாராவியில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பழைய பிளாஸ்டிக்கை வகைவாரியாகப் பிரித்து, நறுக்கி, கழுவி, உருக்கி மீண்டும் விற்பனைப் பொருளாக்குகின்றனர். மாதுங்காவில் நாட்டின் புகழ்பெற்ற வேதித் தொழில்நுட்பக் கல்விக்கூடம் உள்ளது. செம்பூரிலும் அதையொட்டிய டிராம்பேயிலும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், உரத் தொழிற்சாலை, அனல் மின்நிலையம் ஆகியவற்றின் புகைபோக்கிகள் நிற்கின்றன. கழிவை மறுபடியும் பொருளாக்குதல் என்னும் தாராவியின் தொழிலைச் செம்பூரின் புகைக்கும் பொருத்த இயலுமா என்பதே இன்று அறிவியலாளரும் நிர்வாகிகளும் ஆராய்ந்து வரும் வினாவாகும்.

எந்தக் கழிவும் மறுபயன் பெற மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். அதைத் திரட்ட வேண்டும். பிறவற்றிலிருந்து பிரித்துத் தூய்மை செய்ய வேண்டும். அதற்கு வாங்குவோர் இருக்க வேண்டும். கரியமில வாயுவுக்கோ நான்காவதாக ஒரு நிபந்தனையும் உண்டு. பிளாஸ்டிக்கைப் போலன்றி, அது ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். கார்பனின் சாம்பல் எனலாம். அதை மீண்டும் எரிபொருளாக்க வேண்டுமாயின், எரிந்தபோது வெளிப்பட்ட ஆற்றலை வேறோரிடத்திலிருந்து கொணர்ந்து செலுத்தியாக வேண்டும்.

பழைய தொழில், புதிய நோக்கம்

கரியமில வாயுவைப் பிடித்துப் பயன்படுத்துவது செம்பூருக்குப் புதிதன்று. இந்திய உரக் கழகத்தின் டிராம்பே தொழிற்சாலை 1965-ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. 1978-ஆம் ஆண்டில் அக்கழகம் சீரமைக்கப்பட்டபோது, அது ராஷ்ட்ரீய கெமிக்கல்ஸ் அண்டு ஃபெர்ட்டிலைசர்ஸ் நிறுவனத்தின் பொறுப்பில் வந்தது. இயற்கை வாயுவையும் நீராவியையும் வினைபுரியச் செய்து ஹைட்ரஜன் எடுக்கையில், உடன் விளையும் கரியமில வாயுவைப் பிரித்தெடுக்க வேண்டியுள்ளது. ஹைட்ரஜன் நைட்ரஜனுடன் சேர்ந்து அம்மோனியாவாகிறது. பிரித்தெடுத்த கரியமில வாயு அந்த அம்மோனியாவுடன் சேர்ந்து யூரியாவாகிறது. ஒரு டன் யூரியாவுக்கு ஏறத்தாழ 0.73 டன் கரியமில வாயு தேவைப்படும்.

நாப்தாவைவிட இயற்கை வாயுவில் கார்பன் குறைவு. எனவே, இயற்கை வாயுவைக் கொண்டு இயங்கும் உர ஆலைகள் சிலவற்றில் யூரியாவுக்குப் போதிய கரியமில வாயு கிட்டாத நிலை தோன்றியது. உத்தரப் பிரதேசத்தில் ஆவ்ன்லா, பூல்பூர் ஆகிய இடங்களிலுள்ள இஃப்கோ ஆலைகளில், உலைப் புகையிலிருந்தே நாளொன்றுக்கு 450 டன் வாயுவைப் பிரிக்கவல்ல அமைப்புகள் 2006-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டன. தட்பவெப்ப மாற்றம் பற்றிய கவலையன்று, மூலப்பொருள் பற்றாக்குறையே அதற்குக் காரணமாயிற்று.

மாதுங்காவின் பங்கு

புகையிலிருந்து இவ்வாயுவைப் பிரிக்கப் பெரிதும் பயன்படுபவை அமீன்கள் என்னும் காரத்தன்மையுள்ள கரிமச் சேர்மங்களின் நீர்க்கரைசல்கள். அமீனைக் கொண்டு வாயுக்களைப் பிரிக்கும் முறைக்கு 1930-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. ஆயினும் வாயு எவ்வளவு விரைவில் கரைசலுக்குள் புகும், எத்துணை உயரமுள்ள கோபுரம் தேவைப்படும் என்பவற்றைக் கணக்கிட, வினையின் வேகத்தைப் பற்றிய தெளிவான அறிவு வேண்டும். இத்துறையில் அடிப்படையாகக் கருதப்படும் ஆய்வுகளுள் ஒன்று, காரங்களிலும் அமீன்களிலும் கரியமில வாயு உட்கவரப்படுவது குறித்து பி. வி. டாங்க்வெர்ட்ஸும் எம். எம். சர்மாவும் 1966-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையாகும். கேம்பிரிட்ஜில் ஆய்வுப் பட்டம் பெற்றுத் திரும்பிய சர்மா, மாதுங்காவில் பேராசிரியராகவும் பின்னர் இயக்குநராகவும் பணியாற்றினார். 1933-ஆம் ஆண்டில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கிய அக்கல்விக்கூடமே இன்றைய வேதித் தொழில்நுட்பக் கழகம்.

பிரித்தெடுக்கும் முறை எளிதில் விளங்கக் கூடியது. குளிர்விக்கப்பட்ட புகை ஒரு கோபுரத்தின் அடியிலிருந்து மேலே செல்கிறது. அமீன் கரைசல் மேலிருந்து கீழே வழிகிறது. கரியமில வாயு கரைசலில் பிணைந்துகொள்ள, எஞ்சிய நைட்ரஜன் வெளியேறுகிறது. பின்னர் இரண்டாவது கோபுரத்தில் நீராவியால் சூடேற்றும்போது வாயு விடுபடுகிறது. கரைசல் முதற்கோபுரத்திற்குத் திரும்புகிறது. செலவு முழுவதும் பெரும்பாலும் இந்தச் சூடேற்றத்திலேயே அடங்கியுள்ளது. வழக்கமான அமீனைப் பயன்படுத்தினால், ஒரு டன் வாயுவை விடுவிக்க ஒன்றரை டன்னுக்கும் மேற்பட்ட நீராவி செலவாகும். நிலக்கரிப் புகையில் கரியமில வாயு 12 முதல் 15 சதவீதமே என்பதாலும், புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு அமீனைக் கெடுத்துவிடும் என்பதாலும் சிக்கல் மேலும் கூடுகிறது. மாறாக, அம்மோனியா, ஹைட்ரஜன் ஆலைகளில் வாயு ஏறத்தாழத் தூய நிலையிலேயே கிடைக்கிறது. ஆகவே, செம்பூர் போன்ற தொழில் வட்டாரத்தில் முதற்கண் நாட வேண்டியது மின்நிலையத்தின் புகைபோக்கியையன்று; இத்தகைய ஆலைகளையே.

நாட்டில் நடந்துள்ள முயற்சிகள்

தமிழகத்தில் தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை குறிப்பிடத்தக்க முன்னோடியாகும். நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிரித்துச் சோடா உப்பு தயாரிக்கும் அமைப்பு 2016-ஆம் ஆண்டில் அங்கு இயங்கத் தொடங்கியது. கரக்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற இளைஞர் இருவர் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனத்தின் கரைப்பான் அதில் பயன்படுத்தப்பட்டது. ஆலைக்கு வாயு தேவைப்பட்டது. அதை வெளியிலிருந்து வாங்குவதைவிடப் புகையிலிருந்து எடுப்பது இலாபமாயிருந்தது. அரசு மானியமின்றியே திட்டம் நிறைவேறியதற்கு இதுவே காரணம்.

ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல் நிறுவனம் 2021-ஆம் ஆண்டில், ஊதுலை வாயுவிலிருந்து நாளொன்றுக்கு 5 டன் பிரிக்கும் அமைப்பை நிறுவியது. மத்தியப் பிரதேசத்தின் விந்தியாசலில் தேசிய அனல் மின் கழகம், நாளொன்றுக்கு 20 டன் வாயுவைப் பிரித்து 10 டன் மெத்தனால் ஆக்கும் திட்டத்தை மேற்கொண்டு, 2024-ஆம் ஆண்டில் மெத்தனாலைத் தயாரித்துக் காட்டியது. ஆனால் முழுத்திறனில் இயங்கும் 500 மெகாவாட் நிலக்கரி அலகு ஒன்று நாள்தோறும் ஏறத்தாழ 10,000 டன் கரியமில வாயுவை வெளியிடும் என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆற்றல் கணக்கு

மெத்தனால் திட்டங்களை மதிப்பிட ஒரு சிறு கணக்கு துணைசெய்யும். ஒரு டன் மெத்தனாலுக்கு ஏறத்தாழ 1.4 டன் கரியமில வாயுவும் 190 கிலோ ஹைட்ரஜனும் தேவை. நீரை மின்னாற்பகுத்து ஒரு கிலோ ஹைட்ரஜன் பெற 50 முதல் 55 யூனிட் மின்சாரம் செலவாகும். ஆக, ஹைட்ரஜனுக்கு மட்டும் சுமார் 10,000 யூனிட் தேவைப்படுகிறது. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ அளவில் கரியமில வாயு வெளிப்படுகிறது. எனவே, தொகுப்பு மின்சாரத்தைப் பயன்படுத்தினால் 1.4 டன் வாயுவைப் பயன்படுத்துவதற்காக 7 டன்னை வெளியிட்டவர்களாவோம். சூரிய ஒளி, காற்று போன்றவற்றிலிருந்து கிட்டும் மின்சாரம் இருந்தால் மட்டுமே இம்முறை பொருளுடையதாகும்.

இரண்டாவதாக, பிடித்த கார்பன் எவ்வளவு காலம் பிடிபட்டே இருக்கும் என்பதையும் நோக்க வேண்டும். யூரியாவிலுள்ள கரியமில வாயு, வயலில் இட்ட சில நாட்களிலேயே மண்ணிலுள்ள நொதியின் செயலால் விடுபட்டுக் காற்றில் கலக்கிறது. சோடா உப்பைக் கண்ணாடி உலையில் உருக்கும்போதும் அவ்வாறே நிகழ்கிறது. மெத்தனால் எரிந்ததும் மீண்டும் வாயுவாகிறது. இவற்றால் விளையும் நன்மை, புதிதாகத் தோண்டியெடுக்கும் கார்பனை ஓரளவு தவிர்ப்பதே. சுண்ணாம்புச் சத்துள்ள எஃகு ஆலைக் கசடிலோ கான்கிரீட்டிலோ வாயுவைச் செலுத்தினால், அது கால்சியம் கார்பனேட் என்னும் கல்லாகி நெடுங்காலம் நிலைக்கிறது. ஐஸ்லாந்தில் எரிமலைப் பாறைக்குள் நீரில் கரைத்துச் செலுத்திய வாயுவில் 95 சதவீதத்திற்கு மேல் இரண்டு ஆண்டுகளுக்குள் கல்லாகியது என 2016-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. மும்பை நகரமும் தக்காணத்தின் எரிமலைப் பாறைகள் மீதே அமைந்துள்ளது; எனினும் எந்த இடம் இதற்கு ஏற்றது என்பதை விரிவான நிலவியல் ஆய்வுக்குப் பின்னரே முடிவு செய்ய இயலும்.

மூன்றாவது, அளவு பற்றியது. இந்தியா ஆண்டுக்கு ஏறத்தாழ 300 கோடி டன் கரியமில வாயுவை வெளியிடுகிறது. நாட்டின் யூரியா உற்பத்தி சுமார் 3 கோடி டன். அதற்குத் தேவையான வாயு 2.2 கோடி டன் மட்டுமே, அதாவது ஒரு சதவீதத்திற்கும் குறைவு. மறுபயன் என்பது வெளியீட்டைக் குறைக்கும் முயற்சிக்குத் துணையாகலாம், அதற்கு மாற்றாகாது.

நிர்வாகத்தின் பொறுப்பு

2070-ஆம் ஆண்டுக்குள் நிகர வெளியீட்டைச் சுழியமாக்குவதாக இந்தியா 2021-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்தது. 2022-ஆம் ஆண்டில் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும், பெங்களூர் ஜவாஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்திலும் தேசியச் சிறப்பு மையங்கள் அமைக்கப்பட்டன. அதே ஆண்டில் நிதி ஆயோக் இத்துறைக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டது. கார்பன் வரவுகளை வாங்கி விற்கும் திட்டம் 2023-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. எஃகு, சிமெண்டு, உரம் முதலிய இறக்குமதிகளின் கார்பன் அளவைக் கணக்கிடும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளும் நம் ஏற்றுமதியாளரைப் பாதிக்கக் கூடியவை.

இத்திட்டங்களுக்கு ஒப்புதல் வழங்கும் அதிகாரிகள் மூன்று கேள்விகளைத் தவறாது எழுப்ப வேண்டும். தேவைப்படும் நீராவியும் மின்சாரமும் எங்கிருந்து வருகின்றன? விளைபொருளில் கார்பன் எவ்வளவு காலம் தங்கும்? அப்பொருளை வாங்குவோர் அருகில் உள்ளனரா? இவற்றுக்கு எண்களில் விடையளிக்காத திட்டம், எவ்வளவு புதுமையானதாயினும், பொதுப்பணத்திற்குத் தகுதியுடையதன்று.

நான்காவது கேள்வி செம்பூர் மக்களுடையது. மாஹுல் பகுதியில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களால் காற்று மாசுற்றது குறித்து தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015, 2020 ஆகிய ஆண்டுகளில் தீர்ப்பளித்துள்ளது. அந்தச் சேர்மங்களை அமீன் கோபுரங்கள் நீக்குவதில்லை. அவற்றுக்குத் தனி நடவடிக்கை வேண்டும். உலகின் காற்று மண்டலத்திற்காகக் கரியமில வாயுவைப் பிடிக்கும் ஆலை, தன் சுற்றுச்சுவருக்கு அப்பால் வாழ்வோரின் மூச்சுக்கும் பொறுப்பேற்குமாயின், அம்முயற்சி முழுமையான வளர்ச்சிப் பணியாக அமையும்.